பிப்ரவரியில் விளக்கெரியாத வீடுகள்

கேள்வி இது: "வேல்ஸில் வெளியூர்க்காரர்கள் விடுமுறைக்காக இரண்டாவது வீடு வாங்குவதை அந்த ஊர் மக்கள் கடுமையாக எதிர்க்கிறார்கள் என்று படித்தேன். சொந்தக் காசில் ஒருவர் வீடு வாங்குவதை எப்படித் தடுக்க முடியும்? இது ஆங்கிலேயர் மேல் இருக்கும் பழைய பகைதானே? அங்கே சுற்றுலா போவதே தவறாகிவிடுமா?"

மூன்று கேள்விகள் ஒன்றாக வந்திருக்கின்றன. நடுவில் இருக்கும் பகை பற்றிய கேள்வியை முதலில் எடுக்கிறேன். அதைத் தவறாகப் பிடித்துக்கொண்டால் மற்ற இரண்டும் புரியாது. வேல்ஸுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே பழைய கணக்குகள் நிறைய உண்டு, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நான் பார்த்த வரையில் ஊர்க்காரர்களை வருத்துவது வாங்குபவரின் பூர்வீகம் இல்லை. வாங்கிய பிறகு அந்த வீட்டில் யாரும் குடியிருப்பதில்லை, அதுதான். அதே ஆங்கிலேயர் பிள்ளைகுட்டிகளோடு வந்து ஆண்டு முழுக்க அங்கே வாழ்ந்தால் நிலைமை வேறு. எப்படி வேறு என்பதைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்ல வேண்டும்.

வடமேற்கு வேல்ஸில் உள்ள பாங்கர் நகரத்தில் சில ஆண்டுகள் இருந்தேன். அங்கிருந்து தென்மேற்கே போனால் கடலுக்குள் கை நீட்டியது போல லீன் தீபகற்பம் கிடக்கிறது. (அந்தப் பெயரின் முதல் ஒலி தமிழில் எழுத வராது. 'ல' சொல்லும் இடத்தில் நாக்கை வைத்துக்கொண்டு குரல் இல்லாமல் காற்றை மட்டும் ஊத வேண்டும்.) ஆகஸ்டில் அங்கே கார் நிறுத்த இடம் கிடைக்காது. ஒரு முறை பிப்ரவரியில், மாலை ஐந்தரை மணிக்கு, பேருந்தில் அந்தப் பக்கம் போனேன். கடலோர ஊர் ஒன்றில் ஒரு தெரு முழுக்க வீடுகள், வெள்ளையடித்து, தோட்டம் திருத்தி, பார்க்க அழகாக இருந்தன. மூன்றோ நான்கோ சன்னல்களில் மட்டும் வெளிச்சம். பல வீடுகளின் கதவோரத்தில் சாவி வைக்கும் சிறிய எண் பூட்டுப் பெட்டி தொங்கியது. அந்தப் பெட்டி இருந்தால் அங்கே வாரத்துக்கு ஒரு குடும்பம் வந்து போகும், யாரும் வாழ்வதில்லை என்று பொருள். பேருந்திலிருந்து இறங்கியவர்கள் இரண்டே பேர், இருவரும் வயதானவர்கள். ஓட்டுநரிடம் வேல்ஸின் சொந்த மொழியான வெல்ஷில் நன்றி சொல்லிவிட்டு இருட்டுக்குள் போனார்கள்.

அந்தப் பகுதியின் பெரிய அடையாளமாக எல்லோரும் சொல்வது அபர்சோக் என்ற ஊரை. படகுகளும் நீண்ட மணற்கரையும் உள்ள இடம். மான்செஸ்டர், செஷயர் பக்கத்துப் பணக்காரர்களுக்கு ஏ55 நெடுஞ்சாலை வழியாக ஒரு வெள்ளிக்கிழமை மாலைப் பயணம். அங்கே கடற்கரையில் நிற்கும் மரக் குடில் ஒன்று, இரவு தங்கக்கூட அனுமதியில்லாதது, ஒன்றரை லட்சம் பவுண்டுக்கு மேல் விலை போனதாகச் செய்திகள் வந்தன. அதே ஊரில் 1924 முதல் நடந்துவந்த தொடக்கப் பள்ளி 2021 டிசம்பர் கடைசியில் மூடப்பட்டது. மொத்தப் பிள்ளைகளே பத்துப் பேர் அளவில்தான் இருந்தார்கள். ஊர்க்காரர்கள் எதிர்த்துப் போராடினார்கள், பலிக்கவில்லை. உள்ளாட்சி மன்றமான கவுன்சிலைக் குறை சொல்லலாம். ஆனால் பிள்ளை பெற்று வளர்க்கும் வயதில் இருப்பவர்களுக்கு அந்த ஊரில் வீடு வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ வழியில்லாமல் போன பிறகு பள்ளிக்குப் பிள்ளை எங்கிருந்து வரும்?

வேல்ஸில் எத்தனையோ கடலோர ஊர்களில் இதே கதை. தெற்கே பெம்ப்ரோக்ஷயர் கரையில் கும்-அர்-எக்லுயிஸ் என்று ஒரு குட்டி ஊர். ஐம்பது வீடுகள் அளவுள்ள அந்த இடத்தில் நிரந்தரமாக வாழ்பவர்கள் ஓரிருவர்தான் என்று செய்திகள் சொன்னன. இங்கிலாந்தின் கார்ன்வாலிலும் இதே துயரம் இருக்கிறது. ஆனால் வெல்ஷ் பேசும் ஊர்களில் வீட்டோடு இன்னொன்றும் போகிறது.

2021 கணக்கெடுப்பில் வேல்ஸில் வெல்ஷ் தெரியும் என்று சொன்னவர்கள் சுமார் 5,38,000 பேர். மூன்று வயதைத் தாண்டியவர்களில் 17.8 சதவீதம். 1911இல் இது ஏறத்தாழ 9,77,000 பேர், 43 சதவீதத்துக்கும் மேல். இன்று மொழி செறிவாக இருப்பது வடமேற்கிலும் மேற்குக் கரையிலும்தான். லீன் தீபகற்பம் அடங்கிய க்வினெத் கவுண்டியில் 64.4 சதவீதம், ஆங்கிள்சி தீவில் 55.8, கெரெடிகியானில் 45.3. சதவீதமாகப் பார்த்தால் க்வினெத் நன்றாகத்தானே இருக்கிறது என்று தோன்றும்.

இங்கேதான் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். வெல்ஷ் பேசும் வயது வந்தவர்கள் அனைவருக்கும் ஆங்கிலமும் தெரியும். எனவே ஒரு கூட்டத்தில் வெல்ஷ் தெரியாதவர் ஒருவர் இருந்தாலும் பேச்சு ஆங்கிலத்துக்கு மாறிவிடும். மரியாதைக்காகவே மாறிவிடும். பத்தில் ஏழு பேருக்கு வெல்ஷ் தெரிந்த ஊர் என்று வையுங்கள். முன்பின் தெரியாத இருவர் கடையில் சந்தித்தால் இருவருக்கும் வெல்ஷ் தெரிந்திருக்க வாய்ப்பு பாதிதான். நால்வர் ஒரு மேசையில் உட்கார்ந்தால் கால்வாசி. பத்தில் ஐந்து பேர் என்று இறங்கிவிட்டால், அந்த நால்வர் மேசையில் வெல்ஷ் தொடர வாய்ப்பு பதினாறில் ஒன்று. பாதிப் பேருக்குத் தெரிந்த மொழி பாதி நேரம் பேசப்படும் என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் கிட்டத்தட்டக் காணாமல் போய்விடும். அதனால்தான் அங்கே மொழியைப் பற்றிக் கவலைப்படுபவர்கள் 70 சதவீதத்தை ஒரு கோடாகப் பார்க்கிறார்கள். அந்தக் கோட்டுக்கு மேலே இருந்த தேர்தல் வட்டங்கள் 1991இல் 92. 2001இல் 54. 2011இல் 39. இருபது ஆண்டுகளில் பாதிக்கும் மேல் போய்விட்டது.

சரி, இரண்டாவது வீடு இந்தக் கணக்கில் எங்கே வருகிறது? கணக்கெடுப்பு நிரந்தரமாக வாழ்பவர்களைத்தான் எண்ணுகிறது. விடுமுறை வீட்டுக்காரர் அவருடைய முதல் வீட்டில்தான் எண்ணப்படுவார். நூறு வீடு உள்ள ஊரில் நாற்பது விடுமுறை வீடுகளாகிவிட்டால், மீதி அறுபதில் எழுபது சதவீதம் வெல்ஷ் என்று தாளில் வரும். ஊர் பார்ப்பதற்குப் பலமாக இருக்கும். ஆனால் பள்ளிக்குப் பிள்ளை இல்லை, சேப்பலில் (ஊர்த் தேவாலயத்தில்) பாட ஆள் இல்லை, கால்பந்து அணிக்குப் பதினொரு பேர் தேறவில்லை, கடை குளிர்காலத்தில் மூடுகிறது, பேருந்து குறைகிறது. சதவீதம் அப்படியே நிற்க, கீழே ஊர் கரைந்துகொண்டிருக்கும். எனக்கு இதில் மிகவும் வருத்தம் தருவது இதுதான். மொழி அழிகிறது என்று காட்ட ஒரு எண்கூட உடனே கிடைக்காது.

இப்போது பகைக்கு வருவோம். க்வினெத்தின் தொடக்கப் பள்ளிகளில் பாடம் வெல்ஷ் வழியில்தான் நடக்கிறது. இங்கிலாந்திலிருந்து குடிவரும் குடும்பத்தின் ஏழு வயதுப் பிள்ளை என்ன செய்யும்? அதற்காகவே அந்தக் கவுண்டியில் 1980களிலிருந்து மொழி மையங்கள் இருக்கின்றன. புதிதாக வந்த பிள்ளைகளைச் சில வாரங்கள் முழுக்க முழுக்க வெல்ஷில் மூழ்கவைத்து, அப்புறம் வழக்கமான வகுப்புக்கு அனுப்புவார்கள். பர்மிங்காமில் பிறந்த பிள்ளை ஒரே ஆண்டில் விளையாட்டு மைதானத்தில் வெல்ஷில் சண்டை போடும். பாங்கரில் என் பக்கத்துத் தெருவிலேயே அப்படி ஒரு வீடு இருந்தது. அப்பா அம்மா இருவருக்கும் பத்து வெல்ஷ் சொற்கள்கூடத் தெரியாது. மகள் தம்பியை வெல்ஷில்தான் திட்டுவாள். வந்து வாழ்பவரை உள்ளே இழுத்துக்கொள்ள அந்தச் சமூகம் ஒரு வழி செய்து வைத்திருக்கிறது. அது எல்லோரிடத்திலும் பலிப்பதில்லை, பெரியவர்கள் பலர் கற்காமலே இருந்துவிடுவார்கள், அதில் உரசலும் உண்டு. ஆனால் வழி என்று ஒன்று இருக்கிறது. ஆண்டுக்கு ஐந்து வாரம் வருபவரின் பிள்ளைக்கு அந்த வழி கிடையாது. அவர் நல்லவராக இருக்கலாம், ஊர்க் கடையில் தாராளமாகச் செலவு செய்யலாம். அவருடைய வீட்டிலிருந்து ஒரு பிள்ளை அந்தப் பள்ளிக்கு வரப்போவதில்லை.

இந்த எதிர்ப்பு எப்போது தொடங்கியது என்று பார்த்தால் வரலாறு கொஞ்சம் சிக்கலானது. விடுமுறை வீட்டுக்காரர்களுக்கும் நியாயம் செய்ய வேண்டும் என்றால் இதைச் சொல்லியாக வேண்டும். வடமேற்கு வேல்ஸ் ஒரு காலத்தில் ஸ்லேட் கற்களால் வாழ்ந்தது. பெரிய குவாரியான டினோர்விக் 1969இல் மூடியது, டொரோதியா 1970இல். இளைஞர்கள் வேலை தேடி வெளியேறினார்கள், மலையோரக் குடிசைகளும் சிறு பண்ணை வீடுகளும் காலியாகக் கிடந்தன. அவற்றை வாங்கி, கூரை போட்டு, சுவர் பூசியவர்கள் முதல் தலைமுறை விடுமுறைக்காரர்கள். யாரும் வேண்டாத வீட்டைத்தான் அவர்கள் வாங்கினார்கள். அன்று அது யாருடைய இடத்தையும் பிடுங்கவில்லை. பிரச்சினை அடுத்தடுத்த பத்தாண்டுகளில் வந்தது. குடிசைகள் தீர்ந்த பிறகு தெருவில் உள்ள சாதாரண வீடுகளுக்குப் போட்டி தொடங்கியது.

1962இல் தோன்றிய வெல்ஷ் மொழிச் சங்கம், கம்தெய்தாஸ் அர் யைத் என்று சொல்வார்கள், 1970களிலேயே விடுமுறை வீடுகளுக்குள் புகுந்து உட்கார்ந்து அறவழியில் போராடியது. வெல்ஷில் அந்த வீடுகளுக்கு டீ ஹாவ் என்று பெயர், கோடை வீடு. கேட்க இனிமையான சொல், ஆனால் அங்கே அது கசப்போடுதான் சொல்லப்படும். பிறகு 1979 டிசம்பரில் வேறொரு கை நுழைந்தது. ஆளில்லாத கோடை வீடுகளுக்கு இரவில் தீ வைத்தார்கள். மெய்பியான் க்ளிந்தூர், அதாவது க்ளிந்தூரின் (ஆங்கிலேய ஆட்சியை எதிர்த்துப் போரிட்ட பழைய வெல்ஷ் தலைவர்) மைந்தர்கள், என்ற பெயரில் 1990களின் தொடக்கம் வரை இருநூறுக்கும் மேற்பட்ட தீவைப்புகள் நடந்தன. 1980இல் குருத்தோலை ஞாயிறு அன்று விடியற்காலையில் காவல்துறை சுமார் ஐம்பது பேரைக் கைது செய்தது, மொழிக்காக உழைத்த சாதாரண மனிதர்கள் பலர் அதில் சிக்கினார்கள். நான் தீவைப்பை எந்த விதத்திலும் ஏற்கவில்லை. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரு இளம் குடும்பத்துக்குக்கூட அதனால் வீடு கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு நீண்ட காலம், கோடை வீடு பற்றி வாய் திறந்தாலே தீவைப்பவர்களின் ஆள் என்று பார்க்கப்படும் நிலை வந்தது. பேச்சே உறைந்துபோனது. நியாயமான கோரிக்கைக்கு அது செய்த கெடுதல் பெரியது.

பேச்சு மறுபடி உயிர்பெற்றது கொரோனா காலத்தில். 2020இல் ஊரடங்கு வந்ததும் பலர் தங்கள் இரண்டாவது வீடுகளுக்கு ஓடி வந்தார்கள். மருத்துவமனை வசதி குறைந்த ஊர்களில் பயம் கூடியது. வீட்டிலிருந்தே வேலை என்றானதும் கடலோர வீடுகளின் விலை எகிறியது. அந்த ஆண்டு செப்டம்பரில் நெவின் ஊர் மன்றத்தின் உறுப்பினர்கள் தங்கள் ஊரிலிருந்து கைர்நார்வனில் உள்ள கவுன்சில் அலுவலகம் வரை இருபது மைல் நடந்தே போனார்கள். அங்கிருந்து வந்ததுதான் 'ஹாவ்ல் இ விவ் ஆட்ரா' இயக்கம். பொருள்: வீட்டில் வாழும் உரிமை. 'ஆட்ரா' என்பது வடக்கு வேல்ஸ் பேச்சுவழக்கு, பாடப்புத்தகத்தில் 'ஆட்ரெவ்' என்று இருக்கும். வீட்டு வாசலில் நின்று பேசும் மொழியிலேயே கோரிக்கைக்குப் பெயர் வைத்தார்கள், அது எனக்கு மிகவும் பிடித்தது. அந்தச் சொல்லில் வீடு, ஊர், திரும்பி வருவது மூன்றும் சேர்ந்திருக்கும்.

2021 ஜூலையில் த்ரவெரின் அணையின் மேல் பெரிய கூட்டம் கூடியது. இடத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. லிவர்பூல் நகரத்துக்குத் தண்ணீர் வேண்டும் என்று அந்தப் பள்ளத்தாக்கை மூழ்கடிக்க 1957இல் லண்டன் நாடாளுமன்றம் சட்டம் செய்தது. வேல்ஸின் 36 உறுப்பினர்களில் ஒருவர்கூட ஆதரித்து வாக்களிக்கவில்லை. ஆனாலும் சட்டம் நிறைவேறியது. 1965இல் காப்பெல் கெலின் என்ற முழுக்க வெல்ஷ் பேசும் ஊர், பள்ளி, சேப்பல், அஞ்சலகம், பண்ணைகள் எல்லாம் நீருக்கடியில் போயின. 2005இல் லிவர்பூல் நகர மன்றம் மன்னிப்புக் கேட்டது. அந்த அணை மேல் நின்றுகொண்டு 2021இல் மக்கள் எழுப்பிய முழக்கம் 'நிட் இவ் கம்ரி ஆர் வெர்த்': வேல்ஸ் விற்பனைக்கு இல்லை. ஒரு ஊர் நீரில் ஒரே நாளில் மூழ்கினால் உலகம் பார்க்கும், வீடு வீடாகக் காலியானால் யாரும் பார்க்க மாட்டார்கள் என்பதுதான் அவர்கள் சொல்ல வந்தது.

அடுத்தது உங்கள் முதல் கேள்வி. சொந்தக் காசில் வாங்குவதை எப்படித் தடுக்க முடியும்? சுருக்கமான பதில்: யாரும் தடுக்கவில்லை. வீட்டை யார் வாங்கலாம் என்று வேல்ஸில் எந்தச் சட்டமும் சொல்லவில்லை. வாங்கிய வீட்டை எதற்குப் பயன்படுத்துகிறீர்கள், அதற்கு எவ்வளவு கட்ட வேண்டும் என்றுதான் சட்டம் கேட்கிறது.

முதலில் வரி. 2014 சட்டம் ஒன்று, 2017 முதல் இரண்டாவது வீட்டுக்குக் கவுன்சில் வரியை இரட்டிப்பு வரை உயர்த்தலாம் என்றது. 2023 ஏப்ரலிலிருந்து கூடுதல் வரியின் உச்சம் 300 சதவீதம். க்வினெத் 2018இல் 50 சதவீதம் கூட்டியது, 2021இல் 100, 2023இல் 150. அதாவது உள்ளூர்க்காரர் ஒரு பவுண்டு கட்டும் இடத்தில் விடுமுறை வீட்டுக்காரர் இரண்டரை பவுண்டு கட்டுகிறார். இந்தப் பணம் அந்தக் கவுண்டியின் வீட்டு வசதித் திட்டத்துக்குப் போகிறது. புது வீடு கட்டுவதோடு, சந்தைக்கு வரும் வீட்டைக் கவுன்சிலே வாங்கி உள்ளூர்க்காரருக்கு வாடகைக்கு விடும் திட்டமும் அதில் உண்டு. வீடு வாங்கும்போது கட்டும் தீர்வையிலும் இரண்டாவது வீட்டுக்குக் கூடுதல் இருக்கிறது. 2024 டிசம்பரில் அந்தக் கூடுதல் விகிதங்கள் ஒரு சதவீதப் புள்ளி உயர்ந்தன.

இதில் பெரிய ஓட்டை ஒன்று நெடுநாள் இருந்தது. ஆண்டில் 140 நாள் வாடகைக்குத் தயாராக வைத்து, 70 நாள் உண்மையில் வாடகைக்கு விட்டால் அந்த வீடு 'வணிகச் சொத்து' ஆகிவிடும். சிறு வணிகச் சலுகையின் கீழ் பலர் வரியே கட்ட வேண்டியதில்லை. கவுன்சில் வரியும் இல்லை, வணிக வரியும் இல்லை, குப்பை மட்டும் ஊர் அள்ள வேண்டும். ஊர்க்காரர்களைக் கொதிக்க வைத்தது இதுதான், அந்தக் கோபம் நியாயமானது. 2023 ஏப்ரலில் இந்த எண்கள் 252 நாள், 182 நாள் என்று மாறின. உண்மையாகவே தொழிலாக நடத்தும் சிலருக்கு 182 நாள் கடினம் என்கிறார்கள். தொலைதூரப் பண்ணை வீட்டில் குளிர்காலத்தில் யார் வந்து தங்குவார்? அந்தக் குறையை நான் ஒதுக்க மாட்டேன்.

அடுத்தது திட்ட அனுமதி. சைமன் புரூக்ஸ் என்ற ஆய்வாளர் 2021 மார்ச்சில் அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். எல்லா இடத்துக்கும் ஒரே மருந்து வேண்டாம், பிரச்சினை கடுமையான பகுதிகளில் கடுமையான விதி வேண்டும் என்பது அவர் வாதம். 2022 அக்டோபரில் வேல்ஸ் அரசு வீடுகளை மூன்று வகையாகப் பிரித்தது: நிரந்தரமாக வாழும் வீடு சி3, இரண்டாவது வீடு சி5, குறுகிய கால வாடகை வீடு சி6. கவுன்சில் விரும்பினால், ஒரு வகையிலிருந்து இன்னொரு வகைக்கு மாற்ற அனுமதி கேட்க வேண்டும் என்று விதிக்கலாம். இதற்கு 'நான்காம் பிரிவு' என்று பெயராகிவிட்டது. வேல்ஸிலேயே முதலாவதாக 2024 செப்டம்பர் 1 அன்று க்வினெத் கவுன்சில் இதைத் தன் திட்டப் பகுதியில் கொண்டுவந்தது. ஏற்கெனவே விடுமுறை வீடாக இருப்பதை இது தொடவில்லை. குடியிருக்கும் வீட்டை அதற்குப் பிறகு விடுமுறை வீடாக மாற்றத்தான் அனுமதி கேட்க வேண்டியிருந்தது.

இதற்கு எதிர்ப்பு எங்கிருந்து வந்தது தெரியுமா? பெரும்பகுதி உள்ளூர்க்காரர்களிடமிருந்தே. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது, 2025இல் தீர்ப்பு கவுன்சிலுக்கு எதிராக வந்தது. அவர்களின் வாதம் எளிமையானது. பாட்டி வைத்துவிட்டுப் போன வீடுதான் எங்கள் ஒரே சொத்து. அனுமதிக் கட்டுப்பாடு வந்தால் விலை விழும், வங்கி கடன் தரத் தயங்கும். எங்கள் பிள்ளைகளுக்காக என்று சொல்லி எங்கள் சொத்தின் மதிப்பைக் குறைக்கிறீர்கள் என்கிறார்கள். அவர்களில் பலர் வெல்ஷ் பேசுபவர்கள், மொழியை நேசிப்பவர்கள். இதை 'வேல்ஸ் எதிர் இங்கிலாந்து' என்று படம் பிடிக்கிறவர்கள் இந்த மனிதர்களை மறந்துவிடுகிறார்கள். ஊரில் அதிக விலைக்கு வீட்டை விற்றவர்களில் முக்கால்வாசிப் பேர் அதே ஊரில் பிறந்தவர்களாகத்தானே இருக்க முடியும் என்று அங்கே பேசிக்கொள்வார்கள். சரியான எண்ணிக்கை யாரிடமும் இருக்காது, ஆனால் அந்தப் பேச்சில் உண்மை உண்டு. ஒருவருடைய ஓய்வூதியமாக இருக்கும் வீடு இன்னொருவருடைய பிள்ளைக்குக் கிடைக்காத வீடு. என் கருத்தைக் கேட்டால், விலை கொஞ்சம் இறங்குவதுதான் நோக்கமே. அதில் சிலருக்கு நட்டம் உண்டு, அதை மறைக்காமல் சொல்ல வேண்டும். மறைத்தால் அந்த விதியை அதே ஊர்க்காரர்கள் நம்ப மாட்டார்கள்.

இன்னொரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். 'க்வினெத்தில் விற்கும் வீடுகளில் 40 சதவீதம் இரண்டாவது வீடுகள்' என்று ஒரு செய்தி சுற்றியது, இப்போதும் சுற்றுகிறது. அந்த எண் கூடுதல் தீர்வை கட்டிய பரிவர்த்தனைகளைக் குறிப்பது. வாடகைக்கு விடுவதற்காக உள்ளூர்க்காரர் வாங்கிய வீடும் அதில் அடங்கும். பழைய வீட்டை விற்குமுன் புது வீட்டை வாங்கியவரும் அடங்குவார். பெரிய எண் கையில் கிடைத்தால் வீசத் தோன்றும். ஆனால் உண்மை நிலவரத்துக்கு மிகைப்படுத்தல் தேவையே இல்லை. 2020 கவுன்சில் அறிக்கையின்படி விடுமுறை வீடுகளும் விடுமுறை வாடகை வீடுகளும் சேர்ந்து க்வினெத்தின் மொத்த வீடுகளில் பத்தில் ஒன்றுக்கு மேல். அபர்சோக் அடங்கிய பகுதியில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு. கவுண்டியில் உள்ளவர்களில் பத்தில் ஆறு பேருக்கு உள்ளூர் வருமானத்தில் வீடு வாங்க முடியாது. இது போதும்.

இரண்டாவது வீட்டை ஒழித்துவிட்டால் மொழி பிழைத்துவிடுமா? இல்லை. இங்கே நான் இயக்கத்தின் சில நண்பர்களிடமிருந்து வேறுபடுகிறேன். சுற்றுலாவையும் முதியோர் பராமரிப்பையும் விட்டால் நல்ல சம்பளம் தரும் வேலை குறைவு. பட்டம் பெற்ற பிள்ளை கார்டிஃபுக்கோ லண்டனுக்கோ போகிறது, வீடு மலிவாகவே இருந்தாலும் போகும். ஓய்வு பெற்று நிரந்தரமாகக் குடிவரும் முதியவர்களால் மொழிச் சூழல் மாறுவதும் பெரிய காரணம், அதை எந்த வரியும் தொடாது. 2024 ஆகஸ்டில் வெல்ஷ் பேசும் சமூகங்களுக்கான ஆணையம் தந்த அறிக்கை இதைப் புரிந்துகொண்டிருக்கிறது. மொழி செறிவாக உள்ள பகுதிகளைத் தனியாக அடையாளம் கண்டு, வீடு, வேலை, கல்வி, நிலத் திட்டம் எல்லாவற்றிலும் மொழியைக் கணக்கில் எடுங்கள் என்கிறது. 2050க்குள் பத்து லட்சம் பேர் வெல்ஷ் பேச வேண்டும் என்பது அரசின் இலக்கு. கார்டிஃபின் வகுப்பறைகளில் கற்றுக்கொடுத்து அந்த எண்ணைக் கூட எட்டிவிடலாம். ஆனால் பால் வாங்கவும், ஆட்டுக்குட்டிக்கு ஊசி போட மருத்துவரைக் கூப்பிடவும், பக்கத்து வீட்டோடு வேலித் தகராறு செய்யவும் யோசிக்காமல் அந்த மொழி வாயில் வரும் இடங்கள் சில நூறு ஊர்கள்தான். அவை போனால் பத்து லட்சம் பேரும் அதைப் பாடமாகத்தான் வைத்திருப்பார்கள்.

கடைசிக் கேள்வி: சுற்றுலா போவது தவறா? தவறே இல்லை. அங்கே யாரும் உங்களைத் துரத்த மாட்டார்கள், வெல்ஷில் ஒரு வணக்கம் சொன்னால் மலர்ந்துபோவார்கள். எங்கே தங்குகிறீர்கள் என்பதில்தான் வித்தியாசம். உள்ளூர்க் குடும்பம் நடத்தும் விடுதி, பண்ணை வீட்டு அறை, கூடார முகாம் எதுவும் யாருடைய வீட்டையும் எடுத்துக்கொள்வதில்லை. தெருவில் ஒரு முழு வீட்டை ஏர்பிஎன்பி வழியாக எடுப்பதற்கு முன் அது யாருடையது என்று பாருங்கள். வேல்ஸ் நாடாளுமன்றம் 2025இல் தங்கும் பயணிகளுக்கு ஒரு சிறு கட்டணம் விதிக்கக் கவுன்சில்களுக்கு அனுமதி தரும் சட்டத்தை நிறைவேற்றியது. கட்டணம் ஒரு இரவுக்கு ஒருவருக்கு 1 பவுண்டு 30 பென்ஸ், கூடாரத்துக்கு இன்னும் குறைவு. உங்களிடம் கேட்டால் முகம் சுளிக்காமல் கட்டுங்கள்.

லீன் பக்கம் போனால் லித்வைன் என்ற ஊரில் 'தாவர்ன் அ விக்' என்ற மதுக்கடைக்குப் போங்கள். 1988இல் ஊர்க்காரர்களே பங்கு போட்டு வாங்கி, இன்று வரை நடத்துகிறார்கள். பக்கத்து ஊரான லானயில்ஹயர்னில் 1974இல் தொடங்கியது அந்தப் பகுதியின் முதல் ஊர்க் கூட்டுறவு. பள்ளியை மூடப் போகிறார்கள் என்றதும் எழுந்த போராட்டத்திலிருந்து அது வந்தது. அதன் பின்னால் இருந்த அதே ஊர் மருத்துவர் கார்ல் க்ளோஸ் முன்னின்று, கடலோரத்தில் பாழடைந்து கிடந்த ஒரு குவாரிக் கிராமத்தை 1978இல் வாங்கவைத்து, வீடு வீடாகச் சீர்செய்து வெல்ஷ் கற்கும் இடமாக்கினார்கள். நான்ட் குர்தெயர்ன் என்று பெயர். பழைய குவாரித் தொழிலாளர் வீடுகளிலேயே தங்கிப் படிக்கலாம். நான் ஒரு வாரம் இருந்தேன், நவம்பரில். கூட இருந்தவர்களில் பாதிப் பேர் இங்கிலாந்திலிருந்து குடிவந்து அங்கேயே வேலை பார்ப்பவர்கள். ஒருவர் தபால்காரர், ஒருவர் மயக்க மருந்து நிபுணர். வண்டியில் போவதாக இருந்தால் கீழே இறங்கும் சாலை மிகச் செங்குத்தானது, வளைவுகளும் அதிகம். மழை நாளில் மெதுவாக இறங்குங்கள்.